அறுபத்திரண்டு கைகள்

"ஊரு கையை வித்துத் தின்னுட்டு எப்படிளா நிமிர்ந்து நடக்கே?"

சொர்ணம்மாள் கேட்டது மாட்டுங்கா ஓவியக் கண்காட்சியில், படத்துக்கு முன்னால் வைத்தே. முத்துமாரி தலையைக் குனிந்துகொண்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்?

தாராவியில் அவர்கள் சந்து, குடிசைகளை இடித்துக் கட்டுவதற்கான சர்வேயில் விட்டுப்போயிருந்தது. சர்வேயில் இல்லையென்றால் மாற்று வீடு கிடையாது. வீட்டுக்கு ஒரு மனுத்தாளில், மையில் கையைத் தோய்த்துப் பதித்து, அறுபத்திரண்டு தாளையும் சர்வே ஆபீஸில் கொடுத்துவிட்டு வரச் சொல்லி, நாலு பாஷை பேசும் முத்துமாரியைத்தான் அனுப்பினார்கள். எட்டு மாதமாகப் பதில் இல்லை.

எப்படி வரும்? அத்தனையும் இந்தச் சுவரில் அல்லவா இருக்கிறது! பழைய தாளில் படம் செய்யும் வந்தனா, அந்தக் கைகளை வெட்டி ஒட்டி ஒரு புல்டோசர் பண்ணியிருந்தாள். சந்துக்காரர்களையும் விழாவுக்கு அழைத்திருந்தாள்.

கண்காட்சியைத் திறந்து வைத்தவர் சர்வே ஆபீஸின் பெரிய அதிகாரி. நெஞ்சில் கை வைத்து இந்தியில் பேசினார்.

"இந்தக் கைகள் என் மேஜைக்கு வந்திருந்தால் ஒருநாள்கூடத் தாமதித்திருக்க மாட்டேன்."

கைதட்டல். படத்தைத் தன் ஆபீஸுக்கே வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார்.

"கேட்டியாளா?" சொர்ணம்மாள் முத்துமாரியின் தோளை இடித்தாள்.

தன் கையைத் தேடினாள். தோல் மெஷினில் பாதி விரல் போன கை, எங்கிருந்தாலும் தெரியும். புல்டோசரின் சக்கரத்தில் இருந்தது. மணிக்கட்டின் மேல் ஊதா நிறத்தில் ஒரு வட்டம்.

"இது என்னம்மா, ரப்பர் ஸ்டாம்பா?"

வந்தனா குரலைத் தாழ்த்தினாள். "சார் ஆபீஸ் சீல்தான். மனுவை வாங்கிண்டதுக்கு அடையாளமா, தேதியோட. எல்லாத் தாள்லயும் இருந்தது. அவர் வரார்னு மத்ததையெல்லாம் மறைச்சு ஒட்டிட்டேன். இது ஒண்ணு தப்பிடுத்து."

சொர்ணம்மாள் முத்துமாரியைப் பார்த்தாள்.

"குடுத்த மூணாம் மாசமே நான் வேலை பாக்குற பழைய பேப்பர் கோடவுனுக்கு எடைக்கு வந்துட்டு மதினி. நான்தான் தரம் பிரிச்சேன். நீங்கள்லாம் தெனம் தபால்காரனைப் பாத்துக்கிட்டு இருந்திய. எப்படிச் சொல்லுவேன்? நாலு பேராவது பாக்கட்டும்னுதான் இவுகளுக்குச் சும்மா குடுத்தேன்."

அதிகாரி படத்தருகே நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சொர்ணம்மாள் வந்தனாவிடம் சொன்னாள். "அவரு ஆபீஸுக்கு அனுப்பும்போது கண்ணாடி போட்டு அனுப்புங்கம்மா. இந்தத் தடவையாவது எடைக்குப் போடாம இருப்பாரு."