இஞ்சித் தேத்தண்ணி

“கேத்தலை அடுப்புல வைங்கடி! மிட்வைப் மிஸ்ஸி தேத்தண்ணி குடிக்க வந்தாச்சு!”

நாகலெட்சுமி சொன்னதும் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டு வாசல்களில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நாகலெட்சுமி நல்ல மனுஷிதான். வாய்தான் கொஞ்சம் நீளம்.

சோமலதா மிஸ்ஸி சிங்களப் பெண். அந்தத் தோட்டத்துக் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்கும் அரசாங்க மருத்துவிச்சி. முன்பெல்லாம் தேவையான வீட்டுக்கு மட்டும் வந்து போவார். கொஞ்ச நாளாகத்தான் இந்தப் புதுப் பழக்கம். முதல் வீட்டில் ஆரம்பித்து ஒரு வீடு விடாமல் நுழைவார். கறுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்த தமிழில் ஊர்க்கதை பேசுவார். கொடுத்ததைக் குடிப்பார்.

“கவர்மென்டு சம்பளமும் குடுத்து ஊர் சுத்த விடுது பாருங்க” என்றாள் அடுத்த வீட்டு ராக்காயி.

“கரையிறது நம்ம சீனியும் தேயிலையும்தானே!” என்றாள் நாகலெட்சுமி.

வாய் அப்படிச் சொன்னாலும், மிஸ்ஸி தன் வீட்டை நெருங்க நெருங்க அவளுக்குப் பயம் கூடியது. காரணம் மருமகள் ஜெயந்தினி. இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. அந்த இரண்டு தடவையும், மிஸ்ஸியின் கறுப்புப் பை வீட்டுக்குள் வந்த அன்றே லயம் முழுக்கச் சேதி பரவிவிட்டது. கலைந்த பிறகு விசாரிக்க வந்தவர்கள் பேசிய பேச்சில் ஜெயந்தினி பாதியாக இளைத்துப்போனாள்.

இப்போது மறுபடியும் உண்டாகியிருந்தாள்.

“மூணு மாசம் தாண்டுற வரைக்கும் மூச்சு விடாத. கொழும்புல இருக்கிற உன் புருசனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அது போதும். மிஸ்ஸிக்கிட்டக்கூடச் சொல்லாத” என்று நாகலெட்சுமி கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தாள். ஜெயந்தினியும் தலையை ஆட்டியிருந்தாள்.

மிஸ்ஸி உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“நாகலெட்சுமி அம்மா, இஞ்சி போட்டு ஒரு தேத்தண்ணி தர ஏலுமா? உங்க பாத்தி இஞ்சி நல்லம் தானே.”

வரும்போதெல்லாம் இதே பாட்டு. வாய்விட்டுக் கேட்பவரிடம் இல்லையென்று சொல்ல நாகலெட்சுமிக்கு மனம் வராது. முணுமுணுத்துக்கொண்டே பின்பக்கம் போய், காய்கறிப் பாத்தியில் இஞ்சி தோண்டி, பீலிக் குழாயில் விழும் ஊற்றுத் தண்ணீரில் மண் போகக் கழுவி, தட்டிப் போட்டுக் கொண்டுவந்தாள். மிஸ்ஸி கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு ராக்காயி வீட்டுக்குப் போனார்.

மூன்று மாதம் நல்லபடியாக முடிந்தது. அடுத்த முறை மிஸ்ஸி வந்ததும் நாகலெட்சுமி கதவைச் சாத்தினாள்.

“கோவிச்சுக்காதீங்க மிஸ்ஸி. ஜெயந்தினி முழுகாம இருக்கா. லயத்து வாய்க்குப் பயந்து உங்ககிட்டயே மறைச்சிட்டோம். மருந்து மாத்திரை ஒண்ணும் எடுக்கல. புள்ளைக்கு ஏதும் ஆயிருமா?”



மிஸ்ஸி ஜெயந்தினியைப் பார்த்தார். ஜெயந்தினி தலையைக் குனிந்தபடி அரிசி வாளிக்குள் கையை விட்டு, பாதி காலியான மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்தாள்.

“மன்னிச்சிருங்க அத்தை. இதுவும் போயிருமோன்னு பயமா இருந்துச்சு. நாள் தள்ளிப்போனதுமே மிஸ்ஸிக்கு போன் பண்ணிட்டேன். நீங்க இஞ்சி புடுங்கப் போறப்ப மிஸ்ஸி பிரஷர் பாப்பாங்க, மாத்திரை குடுப்பாங்க.”

நாகலெட்சுமிக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை.

“அப்ப… மத்த வீட்டுக்கெல்லாம் எதுக்கு மிஸ்ஸி போனீங்க?”

“உங்க வீட்டுக்கு மட்டும் வந்தா லயம் எல்லாருக்கும் விளங்கும் தானே அம்மா. எல்லா வீட்டுக்கும் போனா யாருக்கும் விளங்காது. போற வீட்ல தேத்தண்ணி வேணாம் சொன்னா அவங்களுக்கு மனசு நோகும்.”

தான் வாசலில் நின்று பேசிய பேச்செல்லாம் நாகலெட்சுமிக்கு ஞாபகம் வந்தது. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு அவசரமாகக் கேத்தலை அடுப்பில் ஏற்றினாள்.

“இருங்க மிஸ்ஸி. இன்னைக்கு நல்ல இஞ்சியா புடுங்கிட்டு வர்றேன்.”

“ஐயோ, இனி வேணாம் அம்மா!” மிஸ்ஸி நெஞ்சைத் தடவிக்கொண்டு சிரித்தார். “எனக்குத் தேத்தண்ணி ஒரு வாய் குடிச்சாலே நெஞ்சு எரியும்.”