விளக்கு எரியாத மைக்

“அங்கிள், உங்க மைக்ல ஏன் லைட்டே எரியல?”

முந்தின நாள் முன்வரிசைச் சிறுமி கேட்ட கேள்வி கர்டிஸைக் குடைந்தது. அண்ணன் கிளின்ட்டும் அவனும் சந்தைகளில் ‘கன்ட்ரி’ எனும் அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுப் பாடத் தொடங்கி, அந்தப் பாட்டுக்குப் பேர்போன நாஷ்வில் நகரின் பெரிய மேடைவரை உயர்ந்த ஜோடி. இன்றைய நிகழ்ச்சிக்கு முன் ஒலியமைப்பாளர் ஹோலிஸைப் பிடித்தான்.

“மறைக்காதய்யா. என் மைக்கை அணைச்சது யாரு?”

“உங்க அண்ணன்தான் அணைக்கச் சொன்னாரு. தொண்டை ஆபரேஷனுக்கப்புறம் உங்க குரல் எழும்பல தம்பி. ஓடுறது உங்க பழைய டேப்பு.”

“அவன் மட்டும் நெஜமாப் பாடிப் பேரு வாங்குறானாக்கும்?”

“அவரு மைக்கும் அணைஞ்சுதான் கெடக்கு. டேப்புல ஓடுறது ரெண்டு பேரு குரலுந்தான். ‘தம்பி குரல் கேக்காத மேடையில என் குரல் எதுக்கு’ன்னுட்டாரு. மூணு வருஷமாச்சு.”

“கடவுளே!” என்றான் கர்டிஸ்.

ஹோலிஸ் காப்பி குடிக்கப் போனதும், ஆளில்லாத மேடையேறி டேப்பை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டான். பிறகு, அண்ணனின் மைக்கை மட்டும் ஆன் செய்து, அதில் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு இறங்கினான்.