மிஸ்டர் ராமகிருஷ்ணன்

மெயிலை அனுப்பிவிட்டு நிம்மதியாக மூச்சு விட்ட பிறகுதான் அன்புச்செல்வியின் கண்ணில் அது பட்டது.

'மிஸ்டர் ராமகிருஷ்ணன்' என்று இருந்தது. டாக்டர் என்று இல்லை.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

போச்சு, குடி முழுகிப் போச்சு. எந்த மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுதினாளோ, அதிலிருந்த மிஸ்டர் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. டாக்டர் பட்டத்துக்குக் கைடாக இருங்கள் என்று ஒருவரிடம் கேட்கும்போது, அவருடைய டாக்டர் பட்டத்தையே பிடுங்கிவிட்டுக் கேட்கிற கூறுகெட்டவள் இந்த ஜில்லாவிலேயே வேறு யாரும் இருக்க மாட்டாள்.

அவர்கள் ஊரான அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம், அம்மா வெள்ளையம்மாளின் வெள்ளரிப்பிஞ்சுக் கடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள் அவள். அன்றைக்குப் பௌர்ணமி. வெயில் தாழ்ந்தால் கூட்டம் வந்துவிடும். காய் கழுவச் சொன்னால் போனையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

முறைக்காமல் என்ன செய்வாள்? இரண்டு கைடுகள் ஏற்கெனவே இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். ராமகிருஷ்ணன் சாரிடம் ஒரு இடம் காலி என்று தோழி அபிநயா சொல்லித்தான் தெரியும். இந்த மாதத்துக்குள் கைடு அமையாவிட்டால், பரீட்சை எழுதி வாங்கிய உதவித்தொகையும் கையை விட்டுப் போய்விடும்.

அந்த மெயிலை எத்தனை தடவை திருத்தியிருப்பாள்! ஆராய்ச்சிக்காகத் தீப்பிடித்த மலைச்சரிவில் எந்தப் புல் முதலில் முளைக்கிறது என்று கரியும் புழுதியுமாக அலைந்தபோதுகூட இத்தனை கவலைப்படவில்லை. முதலில் நன்றி சொல்வதா, கடைசியில் சொல்வதா என்பதிலேயே ஒரு பகல் போனது.

மன்னிப்புக் கேட்டு இன்னொரு மெயில் போடலாமா? போட்டால், அவர் கவனிக்காமல் விட்டிருந்தால்கூட அந்தத் தப்பு கண்ணில் பட்டுவிடும். போடாவிட்டால், திமிர் பிடித்தவள் என்று நினைப்பார். அம்மாவிடமே புலம்பித் தீர்த்தாள்.

"ஒத்த வார்த்தைக்காடி ஒருத்தரு வேணாம்னுடுவாரு? ஜனங்க வந்துடுவாங்க, காயக் கழுவு" என்றாள் அம்மா, நறுக்கிக்கொண்டே.

வாளித் தண்ணீரில் கையை விட்டபோதுதான் போன் அடித்தது. ராமகிருஷ்ணன் சாரே கூப்பிடுகிறார்!

எழுந்து நின்றுவிட்டாள். ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டுதான் போனைக் காதில் வைத்தாள்.

மனிதர் தங்கமாகப் பேசினார். இவ்வளவு தெளிவாக யாரும் எழுதிக் கேட்டதில்லை என்றார். இடம் இருக்கிறது, திங்கட்கிழமை சர்ட்டிஃபிகேட்டுகளோடு வந்துவிடு என்றார். மிஸ்டரைப் பற்றி மூச்சே விடவில்லை. அன்புச்செல்விக்கு அழுகை வந்துவிட்டது. இப்பேர்ப்பட்டவரைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்!

"அடி அண்ணாமலைல எந்தப் பக்கம்மா?" என்றார் அவர், மெயிலிலிருந்த முகவரியைப் பார்த்து.

கோயிலுக்குப் பின்பக்கம் என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

அதில்லையாம். ஊர்ப் பக்கமா, அந்தப் பக்கமா என்று கேட்டாராம்.

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. என்னென்ன தப்புக்கெல்லாமோ பயந்தவளுக்கு, இந்தக் கேள்விக்குப் பயப்பட வேண்டும் என்று மட்டும் தோன்றியிருக்கவில்லை.

"காலனிங்க சார்."

அம்மாவின் கத்தி பாதிக் காயில் நின்றது.

அதே தங்கமான குரலில் சார் பேசினார். அந்த இடத்தை வேறொருவருக்குச் சொல்லிவைத்திருந்தது இப்போதுதான் ஞாபகம் வருகிறதாம். வேறு எங்காவது பார்க்கச் சொன்னார். நன்றாக வருவாய் என்று வாழ்த்தவும் செய்தார். வைத்துவிட்டார்.

அன்புச்செல்வி போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள். அடி வாங்கினால்கூட ஐயோ என்று கத்தலாம். இதற்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. இத்தனை வருடம் ரோட்டோரத்தில் உட்கார்ந்து படிக்கவைத்தவளிடம் இதை எந்த வாயால் சொல்வது?

வெள்ளையம்மாள் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. நின்ற கத்தியை மறுபடி இழுத்து, காயைப் பிளந்து, மிளகாய்த்தூளை ஜாஸ்தியாகவே தூவினாள்.

"டாக்டர்னு போட்டிருக்கணும்டி நீ" என்றாள். "அதனாலதான்."

மகள் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காயைக் கழுவ ஆரம்பித்தாள்.

"ஆமாம்மா" என்றாள். "அதனாலதான்."