சுஜிதன் விளையாடும் கழகம்

“சுஜிதன்ரை கழகத்தை டுபாய்க்காரன் ஒருத்தன் வாங்கிப்போட்டானாம் அன்ரி,” என்றான் சயந்தன்.

அன்னபூரணம் சாமான் பெட்டியைக் கீழே இறக்கி வைத்தாள். அவளுடைய சின்னக் கடைக்குச் சனிக்கிழமை நான்கு மணிப் படகில்தான் சாமான் வரும். அதை எடுக்க அனலைதீவு இறங்குதுறைக்கு வருபவள், தேத்தண்ணிக் கடை மர வாங்கில் குந்தியிருக்கும் மகனின் கூட்டாளிகள் மூவரிடமும் பிரான்சிலுள்ள அந்த உதைபந்தாட்டக் கழகத்தின் புதினத்தைக் கேட்காமல் வீட்டுக்குப் போனதில்லை.

“அப்ப பழைய முதலாளி?”

“அவருக்கும் மனிசிக்கும் பிரச்சினையாம். கழகம் மனிசியின்ரை தேப்பன் குடுத்ததாம்,” என்றான் ஜெகதீஸ்.

“சீதனமாக் குடுத்த கழகமோ?”

மூவரும் சிரித்தார்கள். தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரரும் சிரித்தார். சுஜிதன் ஊர்க் கழகத்துக்கு ஆடிய ஆறு வருஷமும் மைதானத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனிசி இவள். இப்போது கோச்சுக்கும் முதலாளிக்கும் இடையில் யார் பெரியவன் என்று வழக்குப் பேசுகிறாள்.

“புது முதலாளி வந்தா கோச்சையும் மாத்திப்போடுவாங்களே. அவருக்கெல்லோ இவனிலை விருப்பம்?”

“கோச்சிலை கை வைக்க ஏலாது அன்ரி. சனம் சண்டைக்கு வந்திடும்.”

“அவன்ரை முழங்கால்?”

சயந்தன் ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தான். “வீக்கம் இன்னும் வத்தேல்லையாம். இந்தக் கிழமையும் வெளியாலைதான்.”

“அந்த ஒல்லாந்துப் பெடியன் இவன்ரை இடத்தைப் பிடிச்சிடுவான் போலை கிடக்கு.”

“அவனுக்கு இடக்கால் வராது அன்ரி. நீங்கள் பயப்பிடாதேங்கோ.”

குளிருக்கு என்ன சாப்பிடுகிறான், புதுச் சட்டை என்ன நிறம் என்றெல்லாம் கேட்டாள். எப்போது போன் எடுப்பான் என்று கேட்கவில்லை. பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள்.

அவள் வளைவில் மறைந்தாள். வாங்கில் இருந்த மூன்றாமவன் வாகீசன் கேட்டான்.

“இன்னும் எத்தினை நாளைக்கடா இப்பிடி?”

அப்படி ஒரு கழகமே உலகத்தில் இல்லை. டுபாய்க்காரனும் ஒல்லாந்துப் பெடியனும், பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரைகூட முழுதாக எழுதாத சயந்தனின் வாயில் பிறந்தவர்கள். அங்கே ஒரு கழகத்தில் ஆடும் ஆசையோடு பிரான்சுக்குப் போகும் வழியில், எட்டு மாதத்துக்கு முன், சுஜிதன் நடுக்கடலில் படகோடு மூழ்கிப்போனான்.

தப்பிய ஒருவன் வாகீசனுக்குத்தான் போன் எடுத்துச் சொன்னான். அதைச் சொல்ல ஓடிப்போனபோது அன்னபூரணம் வேலிப் படலையில் நின்று, “என்ன தம்பி, அவன் கழகத்திலை சேர்ந்திட்டானோ?” என்று முந்திக்கொண்டாள். வாகீசனின் வாய் தன்பாட்டில் “ஓம்” என்றது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். இது எட்டு மாதம் ஓடிவிட்டது. விளையாடினான் என்றால் வீடியோவைக் காட்டு என்பாளே என்ற பயத்தில், சுஜிதனின் முழங்காலில் ஒரு காயத்தை உண்டாக்கி வைத்திருந்தார்கள்.

“நேற்றும் கனவிலை வந்தவன்,” என்றான் ஜெகதீஸ். “குனிஞ்சு சப்பாத்துக் கட்டினவன். சப்பாத்தாலை தண்ணி ஊத்துது மச்சான். கட்டி முடியவே இல்லை.”

சயந்தன் கடலைப் பார்த்தபடி இருந்தான். “நான் யோசிச்சுச் சொல்லுறேல்லையடா. டுபாய்க்காரன்ரை கதையும் அப்பிடித்தான். அவன் பக்கத்திலை இருந்து காதுக்குள்ளை சொல்ல, நான் சொன்ன மாதிரிக் கிடக்கு.”

மூவரும் பக்கத்தைப் பார்த்தார்கள். அந்த வாங்கில் நெருங்கி இருந்தால் தாராளமாக இருக்கலாம். ஆனாலும் நாலாவது ஆளுக்கு இடம் விட்டு, ஜெகதீஸ் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தான்.

“ஒரு விளக்கு ஏத்தேல்லை. அந்தியேட்டி இல்லை. ஒரு பிடி சோறு படைக்கேல்லை,” என்றான் வாகீசன். “பிறகு அவன் அலையாமல் என்ன செய்வான்? அந்தப் பாவம் எங்களுக்குத்தான்.”

“சொன்னா அவ தாங்கமாட்டாவடா. ஒரே பிள்ளை,” என்றான் சயந்தன்.

“தொடங்கினவன் நான். நானே சொல்லிப்போட்டு வாறன்.”

யாரும் அவனைத் தடுக்கவில்லை. கூடப் போகவும் ஒருவருக்கும் துணிவில்லை.

அன்னபூரணம் படலையைத் திறக்கும்போது அவன் ஓடிவந்து பெட்டியை வாங்கிப் படலைக்கு உள்ளே வைத்தான். பனைகளுக்குள் காற்று இரைந்தது. தனக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பதுபோல் இருக்க, திரும்பிப் பார்க்கப் பயந்து வேலிக் கதியால் தடியைப் பிடித்துக்கொண்டான்.

“அன்ரி… சுஜிதன்…”

அவள் அவனையே பார்த்தாள்.

“கழகமெண்டு நாங்கள்… நான் அண்டைக்கு உங்களுக்கு ஓமெண்டு சொன்னது…”

அதற்கு மேல் ஏலவில்லை. இருபத்தைந்து வயது ஆம்பிளை, படலையடி ஒழுங்கையில் நின்று விம்மி விம்மி அழுதான்.

அன்னபூரணம் கிட்ட வந்தாள். சேலைத் தலைப்பை எடுத்து அவன் முகத்தை ஆறுதலாகத் துடைத்துவிட்டாள். பிறகு, ஒழுங்கையால் போகும் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெல்லச் சொன்னாள்.

“வாற கிழமையாவது அவனை ஒரு கோல் அடிக்க விடுங்கோவன் தம்பி.”