மொட்டு வைத்த விரிப்பு

ஒரே ஒரு மொட்டை மட்டும் பிரித்துப் பார்க்கலாம் என்றுதான் செலின் உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில், மாமியாராக வரப்போகிறவர் தன் கைவேலை என்று கொடுத்தனுப்பிய மேசை விரிப்பில் பாதி, சுருண்ட நூலாக அவள் மடியில் கிடந்தது.

வினை அவளுடைய அம்மா குஞ்சம்மாவால் வந்தது. அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரசராக இருந்த பால்ராஜுக்குப் பெண் கேட்டு ஆள் வந்தபோது, தன் மகள் கான்வென்டில் படித்தவள், நூல் பின்னும் குரோஷா ஊசியை எடுத்தால் கீழே வைக்க மாட்டாள் என்று அளந்து விட்டிருந்தாள். கான்வென்டில் இரண்டு வருஷம் படித்தது நிஜம். குரோஷா ஊசியைச் செலின் தொட்டதே இல்லை.

பையனின் தாயார் ராஜம்மா உடனே ஒரு விரிப்பை அனுப்பிவிட்டார். இதே மாதிரி ஒன்று போட்டு வைக்கட்டும், ஈஸ்டர் கழிந்து வரும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லியனுப்பினார். விரிப்பு முழுக்க மல்லிகை அரும்பு போலப் புடைத்த மொட்டுகள்.

அது எப்படிப் புடைக்கிறது என்று பார்க்கத்தான் செலின் ஓர முடிச்சை அவிழ்த்தாள். நூலை இழுத்ததும் ஒரு மொட்டு கண் சிமிட்டுவதற்குள் காணாமல் போனது. அடுத்ததைக் கவனமாகப் பார்க்கலாம் என்று இழுத்தாள். அதற்கடுத்ததையும்.

அன்றைக்கு அந்த வீட்டில் மாலை ஜெபம் வழக்கத்தைவிட நீளமாக நடந்தது.

மறுநாள் செலின் ஊசியை எடுத்தாள். பத்து நாள் போட்டாள், பிரித்தாள். பதினோராம் நாள் பிடிபட்டது. ஒரே துளையில் ஐந்து தடவை நூலை இழுத்து, ஐந்தாவதை முதலாவதோடு கோத்து இறுக்கினால் மொட்டு தானாக எழும்பிக்கொண்டது. முதலில் ராஜம்மாவின் விரிப்பில் பிரிந்த பாதியைத் திரும்பப் போட்டு ஒப்பேற்றினாள். பிறகு தன்னுடையதை முடித்தாள். இரண்டுக்கும் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்தாள்.

சொன்னபடி ஈஸ்டர் கழிந்து ராஜம்மா மகனோடு செலினின் ஊரான பாயா ரும்புட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினார். பலகாரத்தைத் தொடாமல் விரிப்புகளைக் கேட்டார். செலினுடையதில் ஒரு மொட்டு எள்ளளவு சாய்ந்திருந்ததை, கையை நீட்டி வாங்கும்போதே கண்டுபிடித்துவிட்டார். பிறகு தன்னுடையதைத் தடவிப் பார்த்தார். விரல் சரியாக, செலின் திரும்பப் போட்ட பாதியில் வந்து நின்றது.

"இந்தப் பக்கத்தப் பாரு. இதான் என் கை. ஒனக்கு இன்னும் இது வரல."

செலின் தலையாட்டினாள். ஒரு வரிசை போட்டுக் காட்டும்படி குஞ்சம்மா பணிவாகக் கேட்டாள். மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததாக ராஜம்மா சொன்னார். பால்ராஜ் அம்மாவின் விரிப்பை வாங்கி ஒவ்வொரு மொட்டையும் கட்டைவிரல் நகத்தால் நெருடிக்கொண்டிருந்தான்.

"பரவால்ல லா, எங்களுக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு. கல்யாணத்துக்கப்புறம் நானே ஒக்காந்து சொல்லிக் குடுக்குறேன்," என்றார் ராஜம்மா.

குஞ்சம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. செலின் காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். கை கழுவுகிற சாக்கில் பால்ராஜும் வந்து நின்றான்.

"அந்த விரிப்புல கீழ்ப்பாதியில மொட்டுக்கு நாலு இழை. மேல்பாதியில அஞ்சு," என்றான் மெதுவாக. "பிரிச்சுப் போட்டீங்களா?"

ஏதாவது பொய் சொல்லலாமென்று பார்த்தாள். கோப்பைகளைக் கீழே வைத்தாள். ஆமென்று தலையை அசைத்தாள்.

"அத்தைகிட்ட சொல்லிருவீங்களா?"

பால்ராஜ் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அம்மாவுக்கு ஊசி புடிக்கவே தெரியாது. அது நான் போட்டது."