கிளட்ச் பிடிக்காமல் ஒரு கியர்

காலை வெயிலில் பண்ணையின் செம்மண் முற்றம் தகதகக்கிறது. யூகலிப்டஸ் மரத்தில் வெள்ளைக் காக்கட்டூ கிளிகள் ஓயாமல் கத்துகின்றன. ஹெதர் தன் பழைய பைக்கில் உட்கார்ந்திருக்கிறாள். டிராக்டர் பெல்ட்டில் சிக்கிய இடக்கையில் மூன்று விரல்கள் மடங்குவதில்லை. கிளட்சைப் பிடிக்க முடியாது; அது இல்லாமல் நிற்கும் வண்டியில் கியர் போட்டால் என்ஜின் அணைந்துவிடும். இந்த பைக்கில் போய் அவள் ஓட்டிவந்த ஆடுகளை ஏழு மாதமாக வேறு யாரோ ஓட்டிவருகிறார்கள். பின்னால் அக்கா மார்ஜ் தள்ளத் தயாராக நிற்கிறாள். “விழுந்தா தூக்க மாட்டேன்டி.” “வாயால தள்ளாதக்கா, கையால தள்ளு.” என்ஜின் உறும, வண்டி உருள்கிறது. ஹெதர் முதல் கியரை மிதிக்கிறாள். வண்டி ஒரு துள்ளு துள்ளிப் பாய்கிறது. பூட்ஸ் நுனியால் கியரை மேலே நெம்பியபடி ஆக்ஸிலரேட்டரை ஒரு கணம் தளர்த்துகிறாள். கரகரவென்று பற்கள் உரசுகின்றன. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி தளர்த்துகிறாள். ‘டக்’கென்று இரண்டாவது விழுகிறது. முற்றத்தைச் சுற்றி வரும்போது மூன்றாவது சத்தமே இல்லாமல் விழுகிறது. வேலிக்கு அப்பால் ஆடுகள் தலைதூக்கிப் பார்க்கின்றன. “போதும், நிறுத்துடி!” என்று மார்ஜ் கத்துகிறாள். “நிறுத்தினா மறுபடி நீதான் தள்ளணும்! கேட்டைத் திறந்துவிடுக்கா!” தொப்பியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டே கேட்டை நோக்கி ஓடுகிறாள் மார்ஜ்.