மூன்று பிரதிகள்

"மூணுலயும் அந்தப் புருஷன் ஆரம்பத்துல நல்லவனாத்தான் இருக்கான் அக்கா. அதுதான் பயமா இருக்கு" என்றாள் தங்கை, நகத்தைச் சுரண்டிக்கொண்டே.

அக்காவுக்கு மருந்துக் கடையில் வேலை. தங்கை போனில் அழுததைக் கேட்டு, போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தாள். சமையலறை மேசையில் ஒரு பழைய திகில் நாவல், அதை வைத்து எடுத்த பழைய படத்தின் சி.டி., போன மாதம் அதையே மறுபடி எடுத்து வெளியிட்ட புதுப் படத்தின் டிக்கெட். பக்கத்தில், மூன்று பத்தியாகக் கோடு போட்ட தாள்.

தங்கை ஒரு பத்திரிகையில் பிழை திருத்துகிறவள். மூன்றையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார் ஆசிரியர். அவளோ அதோடு நிறுத்தாமல், கட்டின புருஷனையும் சேர்த்து ஒப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

"நாவல்ல, அவன் உடம்புல பேய் புகுந்ததும் வீட்டுக்குப் பின்னால குழி வெட்டுறான். இவரும் வெட்டினார். எதுக்குன்னு கேட்டா சிரிக்கிறார்."

"சிரிச்சா தப்பா?"

"பழைய படத்துல குழி கிடையாது. பெண்டாட்டி ரூமுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போடுறான். போன வாரம் இவரும் போட்டார்."

"காத்துல கதவு அடிச்சுக்குதுன்னு நீதானேடி புலம்பினே?"

"புதுப் படத்துல பால்ல எதையோ கலக்குறான். ஒரு வாரமா எனக்குப் பால் கசக்குது."

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அது சத்து மருந்து. சொன்னா நீ சாப்பிட மாட்டேன்னு நான்தான் மாப்பிள்ளைகிட்ட கொடுத்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க?"

தங்கையின் முகம் வெளுத்தது. "நீ கொடுத்ததா?"

"ஆமா. மாப்பிள்ளை எங்கே? கூப்பிடு, அவரும் சேர்ந்து சிரிக்கட்டும்."

"இங்கதான் இருக்கார்" என்றவள், தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அக்கா அவள் தலையைத் தடவினாள். "குழி, தாழ்ப்பாள், பால்னு ஒவ்வொருத்தரும் இஷ்டத்துக்கு மாத்தியிருக்காங்க. இதையெல்லாமா நம்பறே?"

"எங்க வேலையில ஒரு வழக்கம் உண்டு. பிரதிக்குப் பிரதி மாறினா சந்தேகப்படணும். எல்லாத்துலயும் ஒண்ணா இருந்தா அதுதான் சரி. அப்படியே எடுத்துக்கணும்."

"இதுல எது ஒண்ணா இருக்கு?"

அழைப்பு மணி அடித்தது. அக்கா போய்க் கதவைத் திறந்தாள். நர்சரிக்காரர், இடுப்பில் ஒரு தொட்டியோடு நின்றிருந்தார்.

"எலுமிச்சங்கன்னும்மா. கல்யாண நாளைக்கு வீட்டுல சொல்லாம வைக்கணும்னு சார் கேட்டிருந்தார். பின்னாடி குழிகூட அவரே வெட்டி வெச்சுட்டாராமே. எங்கே இருக்கு?"

அக்கா வெற்றிப் புன்னகையோடு திரும்பினாள். "கேட்டுக்கிட்டியா? இப்பவாவது புத்தி வந்துச்சா?"

தங்கை கன்றைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"முடிவுதான் அக்கா ஒண்ணா இருந்துச்சு. மூணுலயும் அவன் கொல்றதுக்குள்ள பெண்டாட்டி முந்திக்கிறா."

நர்சரிக்காரர் பக்கம் திரும்பினாள். "குழியைக் காலையிலேயே மூடிட்டேன்."